ஃப்யூஷனில் காம்பொனென்ட்டும் டைம்லைனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃப்யூஷன் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளைப் பற்றிய கேள்விகள் இவை. 2024 ஜனவரி வரை அதன் பெயர் ஃப்யூஷன் 360. பலர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஸ்கெட்ச் (தட்டையான கோட்டுப்படம்) போட, அதை எக்ஸ்ட்ரூட் செய்து கனவடிவமாக இழுக்க, முனைகளை ஃபில்லட் போட்டு உருட்டத் தெரிந்தவர்களுக்காக எழுதியது. அதெல்லாம் கைவந்த பிறகுதான் உண்மையான தலைவலி ஆரம்பிக்கிறது: ஒரு அளவை மாற்றினால் எங்கோ ஓரிடம் உடைகிறது, எந்த ஸ்கெட்ச் எதற்குச் சொந்தம் என்று தெரியவில்லை, கோப்பைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

உதாரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றே: ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் போர்டுக்கு ஒரு பெட்டி. போர்டின் அளவு 85 × 56 மி.மீ. அதில் நான்கு திருகுத் துளைகள், 58 × 49 மி.மீ. இடைவெளியில். கீழ்ப்பெட்டி, மூடி, போர்டு, எம்2.5 திருகு என நான்கு வகைப் பாகங்கள்.

பாடிக்கும் காம்பொனென்ட்டுக்கும் என்ன வித்தியாசம்? திரையில் இரண்டும் ஒரே மாதிரிதானே தெரிகின்றன?

திரையில் ஒன்றுதான். பாடி என்பது வெறும் கனவடிவம். காம்பொனென்ட் என்பது ஒரு பாகம்: அதற்குச் சொந்தமாக ஒரு ஒரிஜின் (மூலப்புள்ளியும் அதன் தளங்களும்), சொந்த ஸ்கெட்ச்கள், சொந்தத் தளங்கள், உள்ளே ஒன்றோ பலவோ பாடிகள் இருக்கும். காம்பொனென்ட்டுக்குள் இன்னொரு காம்பொனென்ட்டையும் வைக்கலாம்.

பிழைப்புக்கு வரைகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் மூன்று இடங்களில் உறைக்கும். ஜாயின்ட் (பாகங்களுக்கு இடையிலான இணைப்பு) போட்டு அசைக்க முடிவது காம்பொனென்ட்டைத்தான், பாடியை அல்ல. ட்ராயிங் தாளில் வரும் பாகப் பட்டியல் காம்பொனென்ட்களை வைத்தே எண்ணிக்கை போடும். ஒரே பாகத்தைப் பல இடங்களில் வைத்து, ஒன்றைத் திருத்தினால் எல்லாம் திருந்த வேண்டும் என்றாலும் காம்பொனென்ட்தான் வேண்டும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. இந்தப் பொருளைக் கடையில் தனியாக வாங்குவீர்களா, தனியாக அச்சிடுவீர்களா, தனியாகக் கழற்றி மேசைமேல் வைப்பீர்களா? ஆம் என்றால் அது காம்பொனென்ட். மூடி காம்பொனென்ட். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் விளிம்பு பாடி. வரைந்து முடித்ததும் மூடியோடு சேர்ந்துவிடும்.

பாடியே போதும் என்று எப்போது சொல்லலாம்?

ஒரே ஒரு துண்டை வரையும்போது. சுவரில் மாட்டும் கொக்கி, ஒரு வாஷர், ஒரு ஸ்பேசர் மாதிரி. ஆனால் நாளைக்கு இதோடு இன்னொரு பாகம் சேரும் என்று லேசாகச் சந்தேகம் வந்தாலும் முதலிலேயே காம்பொனென்ட் போட்டுவிடுங்கள். முன்கூட்டிப் போட இரண்டு கிளிக். பிறகு பிரிக்க ஒரு மாலை நேரம் போய்விடும்.

“முதல் விதி” என்று ஃப்யூஷன்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே, அது என்ன?

எதையும் வரைவதற்கு முன் ஒரு புதிய காம்பொனென்ட் உருவாக்கு, அது ஆக்டிவ்வாக இருக்கிறதா என்று பார், பிறகு வரை. அவ்வளவுதான். ஃப்யூஷன் பயன்படுத்துவோரிடையே இதற்கு முதல் விதி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள் என்றால், ஸ்கெட்ச்சும் ஃபீச்சரும் (எக்ஸ்ட்ரூட், ஃபில்லட் போன்ற ஒவ்வொரு செயலும்) உருவாகும் நேரத்தில் எது ஆக்டிவ்வாக இருக்கிறதோ அதற்குள்தான் போய் உட்காரும். பிறகு பாடியை வேறு காம்பொனென்ட்டுக்குள் இழுத்துப் போடலாம். அதன் ஸ்கெட்ச் கூடவே வராது. தலை ஓரிடம், வேர் ஓரிடம் என்று ஆகிவிடும்.

விதிக்கு நியாயமான விலக்கு ஒன்று உண்டு. பல பாகங்களுக்கும் பொதுவான ஒரு அமைப்பு ஸ்கெட்ச், அதாவது எந்தப் பாகம் எங்கே உட்காரும் என்று காட்டும் வரைபடம், ரூட்டிலேயே, அதாவது எல்லாக் காம்பொனென்ட்டுக்கும் மேலுள்ள மட்டத்திலேயே, இருக்கலாம். நம் பெட்டியில் போர்டின் வெளிக்கோடும் நான்கு துளை மையங்களும் அப்படிப்பட்டவை. கீழ்ப்பெட்டிக்கும் அவை வேண்டும், மூடிக்கும் வேண்டும். ஆகவே அந்த ஒரு ஸ்கெட்ச்சை வேண்டுமென்றே மேலே வைக்கிறோம். வேண்டுமென்றே வைப்பது வேறு, கவனிக்காமல் விட்டு அங்கே போய் விழுவது வேறு.

ஆக்டிவேட் செய்வது என்றால் தேர்ந்தெடுப்பதா?

இல்லை. இங்கேதான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். பிரவுசரில், அதாவது திரையின் இடப்பக்கப் பெயர்ப் பட்டியலில், பெயரைக் கிளிக் செய்தால் அது தேர்வு மட்டும். பெயருக்குப் பக்கத்தில், அதன்மேல் மவுஸ் போனதும் தெரியும் சிறு வட்டத்தைக் கிளிக் செய்தால்தான் ஆக்டிவேட். அப்போது இரண்டு விஷயங்கள் நடக்கும்: மற்ற பாகங்கள் மங்கிப்போகும், கீழே டைம்லைனில் (செய்த படிகள் ஐகான்களாக வரிசையில் நிற்கும் பட்டையில்) அந்தக் காம்பொனென்ட்டுக்குரிய ஃபீச்சர்கள் மட்டும் தெரியும். “என் டைம்லைன் காணாமல் போய்விட்டது” என்று பதறுகிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு காம்பொனென்ட்டை ஆக்டிவ்வாக விட்டுவிட்டவர்கள்தான். மேலே ரூட்டின் வட்டத்தைக் கிளிக் செய்யுங்கள், எல்லாம் திரும்ப வரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காம்பொனென்ட் ஆக்டிவ்வாக இருந்தாலும், கட் செய்யும்போது வழியில் கண்ணுக்குத் தெரியும் மற்ற பாகங்களும் வெட்டுப்படலாம். கீழ்ப்பெட்டியில் யுஎஸ்பி துளை போடப் போய்ப் போர்டிலும் ஓட்டை விழும். வெட்டப்படும் பொருட்களின் பட்டியலில் வேண்டாததன் டிக்கை எடுங்கள், அல்லது கட் செய்யும் முன் போர்டின் கண் குறியை அணைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ரூட்டிலேயே பாடியாக வரைந்துவிட்டேன். இப்போது என்ன செய்ய?

பாடிமேல் வலது கிளிக் செய்து, பாடிகளிலிருந்து காம்பொனென்ட் உருவாக்கும் கட்டளையைக் கொடுங்கள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்தும் செய்யலாம். ஜாயின்ட், பாகப் பட்டியல் எல்லாம் இனி வேலை செய்யும்.

ஆனால் வரலாறு நகராது. ஸ்கெட்ச்களும் எக்ஸ்ட்ரூட்களும் ரூட்டிலேயே கிடக்கும். மூடியை ஆக்டிவேட் செய்து பார்த்தால் அதன் டைம்லைன் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். எக்ஸ்ட்ரூட் செய்யும்போது ‘புதிய காம்பொனென்ட்’ என்ற தேர்வைக் கொடுத்தாலும் இதே கதைதான்: கனவடிவம் உள்ளே, ஸ்கெட்ச் வெளியே.

அச்சிட்டு முடித்துவிட்டு மறக்கப்போகும் வேலை என்றால் அப்படியே விடுங்கள், ஒன்றும் குடி முழுகாது. இன்னும் பல மாதம் மாற்றிக்கொண்டே இருக்கப்போகிற டிசைன் என்றால், என்னைக் கேட்டால், திரும்ப வரைவதுதான் சீக்கிரம் முடியும். அளவுகள் எல்லாம் இப்போது உங்கள் கையில் இருக்கின்றன. இரண்டாம் முறை வரையும்போது முதல் முறையின் கால்பங்கு நேரம்கூட ஆகாது.

நான்கு திருகுகளை எப்படி வைப்பது?

ஒரு திருகை வரைந்து, அல்லது தயாராக உள்ள ஒன்றைக் கொண்டுவந்து, காம்பொனென்ட்டை நகலெடுத்து ஒட்டுங்கள். பிரவுசரில் பெயரின் பின்னால் 1, 2, 3, 4 என்று எண் வரும். ஒரே பாகம் நான்கு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். நீளத்தை ஒன்றில் மாற்றினால் நான்கிலும் மாறும். பாகப் பட்டியலில் ஒரே வரி, எண்ணிக்கை 4.

சாதாரண பேஸ்ட் வேறு, ‘பேஸ்ட் நியூ’ வேறு. இரண்டாவதைக் கொடுத்தால் தொடர்பற்ற தனிப் பாகம் உருவாகும். மூடியை அடிப்படையாக வைத்து வேறொரு மூடி வடிவமைக்க அது சரி, திருகுக்குத் தப்பு.

ஒரு மூலப் படம், அதன் பல நகல்கள், மூலத்தைத் திருத்தினால் நகலெல்லாம் திருந்துவது என்ற இந்த ஏற்பாடு புதிதல்ல. 1963-இல் ஐவன் சதர்லாண்ட் எம்ஐடியில் செய்த ஸ்கெட்ச்பேட் நிரலிலேயே இது இருந்தது. கோடுகளுக்கு இடையே செங்குத்து, இணை போன்ற கட்டுப்பாடுகளும் அதில் உண்டு.

டைம்லைன் என்பது நான் செய்ததன் பதிவா?

பதிவு என்று நினைப்பதால்தான் பலர் அதைத் தொடவே பயப்படுகிறார்கள். அது ஒரு செய்முறைப் பட்டியல். எங்கேயாவது ஒரு அளவை மாற்றினால், ஃப்யூஷன் அந்த இடத்திலிருந்து வலப்பக்கமாக, பாதிக்கப்படும் ஒவ்வொரு படியையும் திரும்பக் கணக்கிட்டு உருவத்தைப் புதிதாகக் கட்டுகிறது. நீங்கள் திரையில் பார்ப்பது அந்தப் பட்டியலின் விளைவு. ஆகவே படிகளை மாற்றி அடுக்குவதும், தேவையற்றதை நீக்குவதும், நடுவில் ஒன்றைச் செருகுவதும் டிசைன் வேலையின் ஒரு பகுதி.

இந்த முறையைத் தொழிலுக்குக் கொண்டுவந்தது பிடிசி நிறுவனத்தின் ப்ரோ/இன்ஜினியர். சாமுவேல் கைஸ்பெர்க் 1985-இல் தொடங்கிய நிறுவனம் அது. மென்பொருள் 1980களின் கடைசியில் வந்தது. அதற்கடுத்து 1995-இல் வந்த சாலிட்வொர்க்ஸ் இதே முறையை விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்து பரவலாக்கியது.

நடைமுறையில் தெரிய வேண்டியவை சில. டைம்லைனில் உள்ள மார்க்கரைப் பின்னால் இழுத்தால் அந்தக் கட்டத்துக்குப் போய்விடலாம்; அங்கே நின்று செய்யும் வேலை அந்த இடத்திலேயே செருகப்படும். வேலை முடிந்ததும் மார்க்கரைக் கடைசிக்கு இழுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பாதிப் பாகங்களைக் காணவில்லை என்று தேடுவீர்கள். ஒரு ஃபீச்சரை இடம் மாற்ற இழுத்து வேறிடத்தில் விடலாம், ஆனால் அது எதை நம்பியிருக்கிறதோ அதற்கு முன்னால் போகாது. ஒன்றைத் தற்காலிகமாக இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் வலது கிளிக்கில் சப்ரஸ் கொடுங்கள்.

ஐகான் மஞ்சளாகிவிட்டது, சிவப்பாகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

இடது கோடியிலிருந்து. மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு பிழை. பத்து ஐகான் சிவந்திருந்தாலும் பிழை பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். மற்றவை அதன் தொடர்ச்சி. முதலில் நிறம் மாறிய ஐகானின்மேல் மவுஸை வைத்தால் காரணம் தெரியும். ரெஃபரன்ஸ் தொலைந்துவிட்டது என்பதே அதிகம் வரும் காரணம்: ஒரு ஸ்கெட்ச் எந்த முகத்தின்மேல் போடப்பட்டதோ அந்த முகம் இப்போது இல்லை, அல்லது ஃபில்லட் போட்ட ஓரம் மறைந்துவிட்டது.

ஸ்கெட்ச் என்றால் வலது கிளிக் செய்து அதன் தளத்தை மறுபடி காட்டிக்கொடுங்கள். ஃபில்லட் என்றால் எடிட்டில் போய் ஓரங்களைத் திரும்பத் தேர்ந்தெடுங்கள். சரிசெய்ததும் கன்ட்ரோல் + பி அழுத்தினால் எல்லாவற்றையும் ஒருமுறை கணக்கிடும். அப்புறம் அடுத்த மஞ்சள்.

மஞ்சள்தானே, உருவம் சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஃப்யூஷன் அந்த இடத்தில் பழைய நினைவை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை அளவை மாற்றும்போது அந்தப் பகுதி மட்டும் நகராமல் நிற்கும்.

உடையாமலே வரைய வழி இல்லையா?

முழுக்க உடையாமல் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் உடைவதை வெகுவாகக் குறைக்கலாம். ஒரு பாகம் மற்றொன்றை எப்படி நம்பியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெட்டியையே எடுத்துக்கொள்வோம்.

பலர் செய்வது இப்படி: கீழ்ப்பெட்டியை வரைந்து, ஓரமெல்லாம் ஃபில்லட் போட்டு அழகாக்கி, அதன் மேல்முகத்தில் ஸ்கெட்ச் போட்டு, விளிம்பை ப்ராஜெக்ட் செய்து (அதாவது ஸ்கெட்ச்சில் படியவைத்து) மூடியை எக்ஸ்ட்ரூட் செய்வார்கள். பார்க்க அருமை. சுவரை 2 மி.மீ.யிலிருந்து 2.5 ஆக்கினாலும் மூடி கூடவே பெரிதாகும். ஆனால் கீழ்ப்பெட்டியின் மேல் ஓரத்தில் ஒரு சாய்வு வெட்டு சேர்த்தால், அல்லது மேல்முகத்தை இரண்டாகப் பிளக்கும் ஒரு காடியைப் போட்டால், மூடி நம்பியிருந்த விளிம்பே மாறிவிடுகிறது. மூடிக்கும் அந்தக் காடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் மூடிதான் உடைகிறது.

வேறு வழி: முதலில் பாராமீட்டர் அட்டவணையை, அதாவது அளவுகளைப் பெயரிட்டு வைக்கும் இடத்தை, திறந்து நான்கு எண்களுக்குப் பெயர் கொடுங்கள். போர்டு நீளம் 85, போர்டு அகலம் 56, போர்டைச் சுற்றியுள்ள இடைவெளி 0.5, சுவர் 2, எல்லாம் மி.மீ.யில். வெளிநீளம் என்பது போர்டு நீளம் + 2 × (இடைவெளி + சுவர்). அதாவது 85 + 5 = 90. அகலம் அதே கணக்கில் 61. கீழ்ப்பெட்டியும் மூடியும் ஒன்றையொன்று தொடாமல் இரண்டுமே இந்த எண்களையும் ரூட்டில் உள்ள அமைப்பு ஸ்கெட்ச்சையும் மட்டும் நம்பியிருக்கட்டும். மூடியின் ஸ்கெட்ச்சைக் கீழ்ப்பெட்டியின் முகத்தில் போடாமல், மூடியின் சொந்த ஒரிஜின் தளத்தில் போடுங்கள். இப்போது சுவரை 2.5 ஆக்கினால் இரண்டும் 91 × 62 ஆகும். கீழ்ப்பெட்டியின் மேல் என்ன வெட்டினாலும் மூடிக்குத் தெரியவே தெரியாது.

ஒரிஜின் தளங்களை ஏன் இவ்வளவு நம்பலாம் என்றால் அவை ஒருபோதும் அழியாதவை. முகங்களும் ஓரங்களும் ஒவ்வொரு கணக்கீட்டிலும் புதிதாகப் பிறப்பவை. நேற்றைய அந்த ஓரம்தான் இன்றைய இந்த ஓரம் என்று மென்பொருள் அடையாளம் கண்டுபிடித்தாக வேண்டும்; சில சமயம் அதனால் முடியாது. இது அளவை மாற்றினால் உருவத்தைத் திரும்பக் கட்டும் எல்லா (பாராமெட்ரிக்) மென்பொருளுக்கும் உள்ள சிக்கல்.

அதே காரணத்தால்தான் அலங்கார ஃபில்லட்டைக் கடைசியில் போடச் சொல்கிறார்கள். ஃபில்லட் ஒரு ஓரத்தை அழித்து, அங்கே ஒரு வளைந்த முகத்தையும் புதிய ஓரங்களையும் வைக்கிறது. அதற்குப் பிறகு வருகிற ஸ்கெட்ச் அந்தப் புதிய ஓரங்களைப் பிடித்துக்கொண்டால், நாளைக்கு ஆரத்தை மாற்றினாலும் வம்பு, ஃபில்லட்டை நீக்கினாலும் வம்பு.

ஸ்கெட்ச்சில் நீலக் கோடு மிச்சம் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீலம் என்றால் இன்னும் நகரக்கூடியது, கறுப்பு என்றால் கட்டுப்பட்டது. முழுக்கக் கட்டுப்பட்ட ஸ்கெட்ச்சுக்குப் பிரவுசரில் சிறு பூட்டு தெரியும்.

டைம்லைன் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகிறது. எப்படி ஒழுங்குபடுத்துவது?

மூன்று வழிகள். அடுத்தடுத்துள்ள ஃபீச்சர்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக்கில் குரூப் ஆக்கலாம். இடையில் ஒன்றை விட்டுவிட்டுத் தேர்ந்தெடுத்தால் குரூப் ஆகாது. காற்றோட்டத் துளைகளுக்கான ஆறேழு படிகள் ஒரே ஐகானாக மடிந்துவிடும். இரண்டாவது, ஷிஃப்ட் + என் அழுத்தினால் ஒவ்வொரு காம்பொனென்ட்டுக்கும் ஒரு நிறம் கிடைக்கும். பிரவுசரிலும் டைம்லைன் ஐகான்களின் அடியிலும் அதே நிறத்தில் பட்டை வரும். இது பலருக்குத் தெரியாத வசதி. எது யாருடையது என்பது ஒரே பார்வையில் புரிந்துவிடும். தவறான காம்பொனென்ட்டுக்குள் விழுந்த ஸ்கெட்ச்சும் கண்ணில் குத்தும்.

மூன்றாவது, பெயர் வைப்பது. ஸ்கெட்ச்27 என்பதைவிட ‘யுஎஸ்பி துளை’ எவ்வளவோ மேல். எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கச் சொல்லவில்லை, யாரும் அதைச் செய்வதும் இல்லை. காம்பொனென்ட்கள் எல்லாவற்றுக்கும் வையுங்கள். நீங்கள் திரும்ப வந்து திருத்தப்போகிற ஸ்கெட்ச்களுக்கு வையுங்கள். மற்றது கிடக்கட்டும்.

பெயர் நினைவில்லாத ஃபீச்சரைத் தேட: மாடலில் அந்த முகத்தை வலது கிளிக் செய்து டைம்லைனில் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

டெலீட், ரிமூவ் என்று இரண்டு இருக்கின்றன. எதை எப்போது?

ஒரு பாடியை டெலீட் செய்தால் அதை உருவாக்கிய படியே போய்விடும். அதை நம்பியிருந்தவை எல்லாம் சிவக்கும். ரிமூவ் செய்தால் டைம்லைனில் ஒரு படி கூடுதலாகச் சேரும்: “இந்த இடத்திலிருந்து இது வேண்டாம்” என்று. முன்னாலுள்ள வரலாறு அப்படியே இருக்கும். வெட்டுவதற்கு மட்டும் பயன்பட்ட ஒரு துணைப் பாடியை வேலை முடிந்ததும் மறைக்க ரிமூவ்தான் சரி. தவறிப்போய் உருவாக்கியதற்கு டெலீட்.

மூடியை இழுத்து நகர்த்தினால் ‘பொசிஷனைப் பதிவு செய்யவா’ என்று கேட்கிறதே?

காம்பொனென்ட்டின் இருப்பிடமும் வரலாற்றின் ஒரு பகுதிதான். நீங்கள் சும்மா உள்ளே பார்க்க மூடியைத் தள்ளினீர்களா, அல்லது இனி அது அங்கேதான் இருக்க வேண்டுமா என்று ஃப்யூஷனுக்குத் தெரியாது. சும்மா பார்த்தீர்கள் என்றால் ரிவெர்ட் கொடுத்துப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். ஒவ்வொரு முறையும் பதிவு செய்தால் டைம்லைன் முழுக்க அர்த்தமில்லாத நகர்வுகளாக நிறைந்துவிடும்.

நிரந்தரமாக ஓரிடத்தில் உட்கார வேண்டிய பாகத்தை மூவ் கட்டளையால் கண்ணளவில் வைக்காதீர்கள். ஜாயின்ட் போடுங்கள். தனியாக வரைந்து கொண்டுவந்த திருகுக்குச் சாதாரண ஜாயின்ட்: திருகின் தலையடி மையமும் துளையின் மையமும் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே சரியான இடத்திலேயே வரைந்த மூடிக்கு ‘ஆஸ்-பில்ட்’ ஜாயின்ட். அது பாகத்தை நகர்த்தாமல் உறவை மட்டும் வைக்கும்.

டைம்லைனே வேண்டாம் என்று அணைத்துவிடலாமா?

அணைக்கலாம். ரூட்டில் வலது கிளிக் செய்து வரலாற்றைப் பதிவு செய்யாதே என்று கொடுத்தால் அதுவரை இருந்த படிகள் அனைத்தும் அழியும். மறுபடி பதிவை இயக்கினாலும் பழையவை வராது. இருக்கும் வடிவம் ஒரே கட்டியாக, ஒரு பேஸ் ஃபீச்சராகத்தான் தொடங்கும். ஆகவே அணைக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது பயன்படும்? வேறு மென்பொருளிலிருந்து ஸ்டெப் (STEP) என்ற பொதுப் பரிமாற்றக் கோப்பாக வந்த பாகத்தைத் திருத்தும்போது. ஸ்டெப் கோப்பில் எப்படியும் வரலாறு இருக்காது. முகத்தைப் பிடித்து இழு, துளையை அழி, மூடு, முடிந்தது. சிக்கலான பாகத்தில் இடையில் மட்டும் இப்படிச் சுதந்திரமாக வேலை செய்ய வேண்டுமென்றால் முழு வரலாற்றையும் பலி கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பேஸ் ஃபீச்சரைத் திறந்து, அதற்குள் நேரடியாகத் திருத்திவிட்டு வெளியே வந்தால் போதும்.

நான் நேற்று சேமித்த நிலைக்குப் போக டைம்லைனைப் பின்னால் இழுத்தால் போதுமா?

போதாது. இவை இரண்டும் வேறு வேறு வரலாறுகள். டைம்லைனில் இருப்பது பாகம் கட்டப்படும் வரிசை. நேற்று நீங்கள் ஒரு பழைய ஸ்கெட்ச்சின் அளவை 10-லிருந்து 12 ஆக்கியிருந்தால், டைம்லைனில் எங்கே தேடினாலும் 10 கிடைக்காது.

அதற்கு இருப்பது பதிப்பு வரலாறு. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் வி1, வி2 என்று புதிய பதிப்பு உருவாகிறது. பழையதைத் திறந்து பார்க்கலாம், அதையே நடப்புப் பதிப்பாக உயர்த்தலாம். சேமிக்கும்போது கேட்கும் குறிப்புப் பெட்டியைக் காலியாக விடுகிறவர்கள்தான் அதிகம். “மூடியில் காடி சேர்க்கும் முன்” என்று நான்கு வார்த்தை எழுதி வைத்தால், பிறகு வி31-ஆ வி34-ஆ என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்காது.

பாகங்களை ஒரே கோப்பில் வைப்பதா, தனித்தனிக் கோப்பாக வைத்து இணைப்பதா?

ஒரு பாகம் ஒரே ஒரு டிசைனில்தான் வரும், மற்ற பாகங்களோடு சேர்ந்தே மாறும் என்றால் உள்ளேயே வையுங்கள். மூடியும் கீழ்ப்பெட்டியும் அப்படி. பல டிசைன்களில் வரும், அல்லது வேறொருவர் அதை வரைகிறார் என்றால் தனிக் கோப்பு. ராஸ்பெரி பை போர்டும் திருகும் அந்த வகை. பிரவுசரில் சங்கிலிக் குறியோடு தெரியும். அதன் மூலக் கோப்பு மாறினால், புதுப்பிக்கச் சொல்லும்வரை இங்கே பழைய பதிப்பே நிற்கும். அது குறையல்ல, பாதுகாப்பு.

வேறொரு கோப்பிலிருந்து பாராமீட்டரோ ஸ்கெட்ச்சோ மட்டும் வேண்டுமென்றால் ‘டிரைவ்’ (Derive) கட்டளை உண்டு.

தனிப்பட்ட பயன்பாட்டுக்கான இலவச உரிமத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் 10 கோப்புகளை மட்டுமே திருத்தும் நிலையில் வைத்திருக்கலாம்; மற்றவை படிக்க மட்டும். ஒவ்வொரு பாகத்தையும் தனிக் கோப்பாக்கினால் அந்தப் பத்து சீக்கிரமே தீர்ந்துவிடும்.

கோப்பு ஆமை வேகத்தில் நகர்கிறது. டைம்லைன் நீளம்தான் காரணமா?

நீளத்தைவிட உள்ளே இருப்பதுதான் காரணமாக இருக்கும். மாடல் செய்யப்பட்ட மரையை (திருகின் புரியை) முதலில் சந்தேகப்படுங்கள். அச்சிடப் போவதில்லை என்றால் மரையைப் படமாக மட்டும் காட்டினால் போதும். அடுத்து, ஸ்கெட்ச்சுக்குள்ளேயே நூறு வட்டம் போட்ட பேட்டர்ன் (ஒன்றையே வரிசையாகத் திரும்ப வைப்பது). ஒரு துளையை ஃபீச்சராகப் போட்டு அந்த ஃபீச்சரைப் பேட்டர்ன் செய்யுங்கள். எக்ஸ்ட்ரூட் செய்த எழுத்துகளும் சுமைதான், அவற்றைக் கடைசியில் வைத்து வேலை நேரத்தில் சப்ரஸ் செய்யலாம்.

சாலிட்வொர்க்ஸிலிருந்து வருகிறேன். ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருள் பழக்கமும் உண்டு. இங்கே என்ன மாறும்?

சாலிட்வொர்க்ஸில் பார்ட் ஒரு கோப்பு, அசெம்பிளி (பார்ட்களைச் சேர்த்த முழு அமைப்பு) வேறொரு கோப்பு. ஒவ்வொரு பார்ட்டுக்கும் அதனதன் ஃபீச்சர் மரம். ஃப்யூஷனில் ஒரே கோப்பில் பல பாகங்கள் இருந்தால் அனைத்துக்கும் சேர்த்து ஒரே நேர்கோட்டு டைம்லைன். மூடியின் படி எண் 12, கீழ்ப்பெட்டியின் படி எண் 13 என்று கலந்தே ஓடும். இதில் வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு: பாகங்களுக்கு இடையே உறவு வைப்பது மிகச் சுலபம், கவனமில்லாமல் வைப்பதும் அதே அளவு சுலபம்.

ஃப்ரீகேடில் பாடி என்ற பெயர் வேறு பொருளில் வருகிறது. அங்கே பார்ட்டிசைன் பாடி தனக்கென ஒரிஜினும் ஃபீச்சர் வரிசையும் கொண்டது, அதாவது ஃப்யூஷன் காம்பொனென்ட்டுக்கு நெருங்கியது. முகங்களின் பெயர் மாறி மாடல் உடையும் சிக்கல் அங்கே நெடுங்காலம் கடுமையாக இருந்தது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு அதைப் பெருமளவு தணித்தது, கூடவே அசெம்பிளி வசதியையும் உள்ளேயே சேர்த்தது. இலவசமாக, கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்க வேண்டும் என்பவர்கள் இப்போது தயங்காமல் அதைப் பார்க்கலாம்.

வேறொருவர் அனுப்பிய கோப்பைத் திறந்தேன். எங்கே தொடங்குவது?

எதையும் தொடும் முன் நகல். பிறகு பாராமீட்டர் அட்டவணையைத் திறந்து பாருங்கள். பெயரிட்ட எண்கள் இருந்தால் வரைந்தவர் எதை மாற்றத் திட்டமிட்டார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒன்றுமே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

அடுத்து ஷிஃப்ட் + என் போட்டு நிறம் கொடுத்து, டைம்லைன் மார்க்கரை முதல் ஐகானுக்கு இழுத்துவிட்டு, பக்கத்திலுள்ள பொத்தானால் ஒவ்வொரு படியாக முன்னேறிப் பாருங்கள். எந்தப் படியில் எது முளைக்கிறது, எங்கே நிறம் மாறுகிறது என்று கவனியுங்கள். ஏதாவது ஒரு படியில் திரையில் ஒன்றுமே மாறவில்லை என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்: பெரும்பாலும் அது யாரும் பயன்படுத்தாத ஸ்கெட்ச்சாகவோ, பதிவாகிப்போன நகர்வாகவோ இருக்கும். சுற்று முடிந்ததும் அவற்றை ஒவ்வொன்றாக சப்ரஸ் செய்து, கன்ட்ரோல் + பி அழுத்தி, எதுவும் மஞ்சளாகவில்லை என்றால் மட்டும் டெலீட் செய்யுங்கள்.